வெள்ளிக்கிழமை என்று ஒரு பாட்டி

கேள்வி: என் மகள் ஏதென்ஸில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கிரேக்கப் பெண்ணின் பெயர் பரஸ்கெவி. இணையத்தில் தேடினால் ‘வெள்ளிக்கிழமை’ என்று வருகிறது. ஒரு பெண்ணுக்குப் போய் வெள்ளிக்கிழமை என்றா பெயர் வைப்பார்கள்? நீங்கள் கிரேக்கக் கப்பல்களில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். (ஒரு வாசகி)

பதில்: வைப்பார்கள். அந்தப் பெயர் கொண்ட ஒரு பாட்டியின் வீட்டு மாடியில் ஏழு மாதம் குடியிருந்தவன் நான்.

1987 பிப்ரவரி. நான் மூன்றாம் எஞ்சினியராக இருந்த சரக்குக் கப்பலின் பிரதான எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இடம் பெராமா. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு மேற்கே, கரை நெடுகக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள்தான். உதிரிபாகம் வரும், பொருந்தாது, திரும்பிப் போகும். வேலை இழுத்துக்கொண்டே போனதால், கம்பெனி எங்களைப் பிரேயஸில் பஸாலிமானிக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு மாடியில் தங்க வைத்தது.

புது ஊருக்குப் போனால் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வது வணக்கமும் நன்றியும். நான் கற்றுக்கொண்டது ‘எபிஸ்கெவி’. பழுதுபார்ப்பு என்று பொருள். பட்டறைப் பலகையில் எபிஸ்கெவி, ரசீதில் எபிஸ்கெவி, போர்மேன் வாயைத் திறந்தால் எபிஸ்கெவி. வீட்டுக்காரப் பாட்டியின் பெயரை ஏஜெண்டின் ஆள் சொன்னபோது என் காதில் விழுந்தது கடைசித் துண்டான ‘ஸ்கெவி’ மட்டும்தான். மறுநாள் காலை அவர் படி கூட்டிக்கொண்டிருந்தார். மரியாதையாக நின்று, “கலிமேரா, கிரியா எபிஸ்கெவி” என்றேன். காலை வணக்கம், பழுதுபார்ப்பு அம்மா!

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் இரண்டு முழங்காலையும் தட்டிக் காட்டி, “சரியாத்தான் சொல்லியிருக்கே, பெதி மு. இது ரெண்டுக்கும் எபிஸ்கெவி தேவைதான்” என்றார். பெதி மு என்றால் ‘என் பிள்ளை’. அதற்குப் பிறகு அவர் பெயரை நான் தப்பாகச் சொன்னதில்லை.

யோசித்துப் பார்த்தால் அன்றைக்கும் நான் அவ்வளவு தப்பாகச் சொல்லிவிடவில்லை. இரண்டு சொல்லும் அக்கா தங்கை. வேர் ‘ஸ்கெவோஸ்’. பாத்திரம், கருவி, தளவாடம் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். நம் ‘சாமான்’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முன்னொட்டை மாற்றினால் சொல் வேறு வேலைக்குப் போய்விடும். எபிஸ்கெவி பழுதுபார்ப்பு, கத்தஸ்கெவி கட்டுமானம், ஸிஸ்கெவி ஒரு சாதனம். உங்கள் மகள் ஏதென்ஸ் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது தலைக்கு மேல் ‘அப்போஸ்கெவெஸ்’ என்று எழுதியிருந்திருக்கும். அது பயண மூட்டை. இதே குடும்பம்தான்.

பழைய காலத்தில் கப்பலின் கயிறு, பாய், துடுப்பு, நங்கூரம் எல்லாமே இந்தச் ‘சாமானு’க்குள் அடக்கம். பாட்டி வீட்டிலிருந்து இறங்கி நடந்தால் வரும் வளைகுடாவின் பழைய பெயர் ஸேயா. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அங்கே ஏதென்ஸ்காரர்கள் கடற்படைத் தளவாடத்துக்காக ஒரு பெரிய கிடங்கு கட்டினார்கள். பெயர் ஸ்கெவொதீக்கி, அதாவது சாமான் அறை. நீளம் 400 அடி. கட்டடக்காரர் ஃபிலோன். சுவர் எவ்வளவு தடிமன், கதவு எவ்வளவு அகலம் என்று அளவெல்லாம் செதுக்கிய கல்வெட்டு 1882-இல் அதே பகுதியில் கிடைத்தது. கட்டடத்தைக் கி.மு. 86-இல் ரோமானியத் தளபதி சுல்லா எரித்துவிட்டான். கல்வெட்டை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு நல்ல மேஸ்திரி அதைத் திரும்பக் கட்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எஞ்சினியர் புத்தி, கேள்வியை விட்டு எங்கேயோ போகிறது. மன்னியுங்கள்.

பரஸ்கெவிக்கு வருவோம். ‘பரா’ என்றால் பக்கத்தில். சாமானை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, அதாவது ஆயத்தம். ஆரம்பத்தில் இதற்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரை எழுதிய தூசிடிடீஸ், முதல் பத்தியிலேயே இந்தச் சொல்லைப் போடுகிறார்: இரு தரப்பும் எல்லா ஆயத்தத்திலும் உச்சத்தில் இருந்தன என்று. படை, பணம், கப்பல் எல்லாம் தயார் என்ற பொருளில். பிற்காலத்தில் பாட்டிகளுக்குப் பெயராகப்போகும் சொல் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

கிழமையாக மாறியது யூதர்களால். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று அடுப்பு மூட்டக்கூடாது. ஆக, சமையல் உட்பட எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்து வைத்துவிட வேண்டும். கிரேக்கம் பேசிய யூதர்கள் அந்த முந்தைய நாளை ‘ஆயத்தம்’ என்றே அழைத்தார்கள். மாற்கு நற்செய்தி கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் 15-ஆம் அதிகாரத்தில், ஆயத்தநாள் என்றால் ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் என்று வாசகருக்கு விளக்கமே இருக்கிறது. தமிழ் விவிலியத்திலும் ‘ஆயத்தநாள்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். கிறிஸ்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள, கிரேக்கர்களின் வெள்ளிக்கிழமை பரஸ்கெவி ஆகிவிட்டது.

அதற்கு முன்னால், கிரகங்களை வைத்து நாள் எண்ணியவர்களிடம் இது அஃப்ரொதீதியின் நாள். நாம் வெள்ளி என்று சொல்லும் அதே கிரகம். திருச்சபைக்கு அந்தத் தேவதைகள் பிடிக்கவில்லை, எண்ணிக்கைக்கு மாறிவிட்டது. இன்றைய கிரேக்க வாரத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஞாயிறு கிரியாக்கி, ஆண்டவரின் நாள். திங்கள் தெஃப்தெரா, இரண்டாவது. பிறகு த்ரீத்தி, தெத்தார்த்தி, பெம்ப்தி: மூன்று, நான்கு, ஐந்து. அடுத்து ஆறு என்று வர வேண்டும், வராது. அந்த இடத்தில் ஆயத்தம் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஸாவத்தோ, ஓய்வு.

இனி, கிழமை எப்படிப் பெண்ணானது? அதற்குக் காரணம் ஒரு புனிதை. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்தவர் என்று மரபு சொல்லும் அயியா பரஸ்கெவி. அயியா என்றால் புனிதை. வெகுகாலம் பிள்ளையில்லாத பெற்றோருக்கு ஒரு வெள்ளிக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர். மதத்தைப் பரப்பியதற்காகப் பிடித்துக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் இறக்கினார்களாம். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்த பேரரசன், எண்ணெய் உண்மையிலேயே சூடாக இருக்கிறதா என்று சந்தேகப்பட்டான். அவர் அதில் கொஞ்சம் அள்ளித் தெளிக்க, அவனுக்குக் கண் போனது. பிறகு அவரே பார்வையைத் திருப்பிக் கொடுத்தாராம். அதனால் கண்ணுக்கு அவர்தான் புனிதை. படங்களில் ஒரு தட்டில் இரண்டு கண்களை வைத்து ஏந்திக்கொண்டிருப்பார். முதலில் பார்க்கும்போது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

எங்கள் பாட்டி கண்புரை அறுவை முடிந்ததும் ஒரு ‘தாமா’ வாங்கினார். இரண்டு கண்கள் புடைத்திருக்கும் மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரிப்பன் கோத்துப் புனிதையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வர வேண்டும். மாட்டுவதற்கு முன் என்னிடம் கொடுத்து, “பின்பக்கம் பாரு, கிறுக்கல் ஏதாவது இருக்கா?” என்றார். உதிரிபாகத்தைச் சோதிப்பதுபோல விளிம்பெல்லாம் தடவிப் பார்த்து, இல்லை என்றேன். அப்புறம்தான் திருப்தியானார்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நேரம் கிடைத்தால் ஒலிம்பஸ், ஒஸ்ஸா மலைகளுக்கு நடுவே பினியோஸ் ஆறு ஓடும் தெம்பி பள்ளத்தாக்குக்குப் போய்வரட்டும். நடைப்பாலத்தில் ஆற்றைக் கடந்தால் அயியா பரஸ்கெவியின் சின்னக் கோயில் பாறையை ஒட்டி இருக்கும். ஊற்று நீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால், ஏதென்ஸிலேயே அயியா பரஸ்கெவி என்று ஒரு புறநகர் இருக்கிறது. மூன்றாம் தடத்து மெட்ரோவில் விமான நிலையத்துக்குப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பாள்.

கேள்வி: பரஸ்கெவி என்ற பெயருள்ள கிரேக்க நடிகைகள், பாடகிகள் யாரையும் கேள்விப்பட்டதில்லையே. வழக்கொழிந்த பெயரா? (ஒரு வாசகர்)

பதில்: வழக்கொழியவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டு நடமாடுகிறது. பரஸ்கெவி என்ற முழுப்பெயர் அடையாள அட்டைக்கும் கோயிலுக்கும். வீட்டில் விவி, எவி, வூலா, சில சமயம் விக்கி. பரஸ்கெவூலா என்று செல்லமாக நீட்டி, அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்தது வூலா. ஆனால் விக்கி என்று கூப்பிட்டால் எல்லாரும் பரஸ்கெவி என்று நினைத்துவிடாதீர்கள். வஸிலிக்கியும் விக்கிதான்.

முழுப்பெயரில் கொஞ்சம் கிராமத்து வாசம் அடிக்கிறது என்று நகரத்துப் பெண்கள் நினைப்பதுண்டு. பாட்டிகளுக்கு அந்த வெட்கம் கிடையாது. எங்கள் தெருவில் பாட்டியை யாரும் விவி என்று அழைத்து நான் கேட்டதில்லை. ‘கிரா பரஸ்கெவி’தான். கிரியா என்ற மரியாதைச் சொல்லைத் தேய்த்து, அதில் கொஞ்சம் உரிமையும் சேர்த்தால் கிரா.

கேள்வி: வெள்ளிக்கிழமையும் 13-ஆம் தேதியும் சேர்ந்து வந்தால் ஆகாது என்ற பயத்துக்கு ‘பரஸ்கெவி’ என்று தொடங்கும் நீளமான கிரேக்கப் பெயர் இருக்கிறதே. அப்படியானால் இந்தப் பெயருள்ளவர்களைப் பார்த்தால் கிரேக்கர்கள் பயப்படுவார்களா?

பதில்: அந்த நீளமான சொல்லை, கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்தவர்கள் வெளியார். கிரேக்கர்களுக்கு ஆகாத நாள் செவ்வாய். ‘த்ரீத்தி கெ தெக்காத்ரிஸ்’, செவ்வாயும் பதின்மூன்றும். கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கையில் விழுந்த 1453 மே 29 ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் மேல் கிரேக்கர்களுக்கு உள்ள கோபத்துக்கு அதைத்தான் காரணம் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் 1987 அக்டோபர் 13-க்கு எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதற்கு, போர்மேன் நாள்காட்டியைப் பார்த்து, அது செவ்வாய் என்று தெரிந்ததும் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். நல்லவேளை, அதற்கு முன்பே கப்பல் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கு அவர்களிடம் இருப்பது துக்கம். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி ‘மெகாலி பரஸ்கெவி’, பெரிய வெள்ளி. நாள் முழுக்கக் கோயில் மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிக்கும். இரவில் பூக்களால் மூடிய இயேசுவின் பாடையைத் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள். எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. அந்த வருஷம் நானும் பாட்டிக்குப் பக்கத்தில் நடந்தேன். உருகிய மெழுகு என் ஒரே நல்ல சட்டையில் கொட்டியது. அவரே இஸ்திரி போட்டு எடுத்துக் கொடுத்தார். எபிஸ்கெவி!

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் கிரேக்கப் பெண் பரஸ்கெவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். ‘நன்றி, ஆனால் ஜூலையில் சொல்லுங்கள்’ என்றார். என்ன அர்த்தம்?

பதில்: ஜூலை 26 அயியா பரஸ்கெவியின் திருநாள். அன்று அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் பெயர் நாள். கிரேக்கத்தில், வளர்ந்தவர்களுக்குப் பிறந்தநாளைவிட அதுதான் பெரிது. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், வயதையும் கேட்க வேண்டாம். பெயர் தெரிந்தால் தேதி தெரிந்த மாதிரி. ‘ஹ்ரோனியா பொலா’, பல ஆண்டுகள் வாழ்க, என்று சொன்னால் போதும்.

1987-இல் வெள்ளிக்கிழமைப் பாட்டியின் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பட்டறை விடுமுறை. காலையிலிருந்து வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அழைப்பெல்லாம் கிடையாது, நினைவிருப்பவர்கள் வருவார்கள். வருகிறவர்கள் ஒரு பெட்டி இனிப்போடு வந்தாலும் உபசரிப்பது விழா நாயகிதான். சின்னக் கண்ணாடித் தட்டில் ஒரே ஒரு கரண்டி, சர்க்கரைப் பாகில் ஊறிய புளிப்புச் செர்ரி. பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். அந்த ஒரு கரண்டியைச் சாப்பிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாழ்த்த வேண்டும். நான் விவரம் தெரியாமல் இன்னொரு கரண்டி கேட்டேன். கூடத்தில் ஒரு கணம் அமைதி. பாட்டி உள்ளே போய் ஜாடியையே கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

கேள்வி: திங்கள், செவ்வாய் என்றும் கிரேக்கப் பெண்களுக்குப் பெயர் உண்டா?

பதில்: இல்லை. இரண்டாவது, மூன்றாவது என்றா பிள்ளைக்குப் பெயர் வைப்பது? ஞாயிறு உண்டு: கிரியாக்கி. பெயர் நாள் ஜூலை 7. ஆண்களுக்குக் கிரியாக்கோஸ், பரஸ்கெவாஸ். பரஸ்கெவொபூலோஸ் என்று குடும்பப் பெயரும் பார்க்கலாம். அதே குடும்பத்துப் பெண் என்றால் பரஸ்கெவொபூலு. கிரேக்கத்தில் பெண்ணின் குடும்பப் பெயர் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையில் நிற்கும், ‘இன்னாருடைய’ என்ற மாதிரி. 1983 சட்டத்துக்குப் பிறகு, கல்யாணமானாலும் பெண் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறாள்.

கேள்வி: பழைய ரஷ்யக் கதைகளில் வரும் ‘பிரஸ்கோவியா’வும் பரஸ்கெவியும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான், வழியில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. மகா பீட்டரின் அண்ணன் ஐந்தாம் இவானின் மனைவிகூட ஒரு பிரஸ்கோவியா. பல்கேரியர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு ‘பெத்கா’ ஆக்கிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பெத்கா வருவது ‘ஐந்து’ என்ற சொல்லிலிருந்து. ஸ்லாவியர்கள் திங்களிலிருந்து எண்ணுகிறார்கள், அதனால் வெள்ளி அவர்களுக்கு ஐந்தாம் நாள். கிரேக்கத்தில் ஆறாம் எண்ணைத் தவிர்த்துவிட்டுப் பிறந்த பெயர், எல்லை தாண்டியதும் எண்ணுக்கே திரும்பிவிட்டது. ஆனால் அவர்கள் பெரிதும் வணங்கும் பெத்கா வேறொரு புனிதை. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், திருநாள் அக்டோபர் 14. அவருடைய திருவுடல் 1641 முதல் ருமேனியாவின் யாஷ் நகரில் இருக்கிறது.

கேள்வி: கிரேக்கப் பெயர் என்றாலே தேவதைகளின் பெயர் என்று நினைத்தேன். பரஸ்கெவி மாதிரி தேவதை இல்லாத பெயர்கள்தான் அதிகமா? யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: அதீனா, அஃப்ரொதீதி என்ற தேவதைகளும், காவிய நாயகி பினெலோப்பியும் பெயர்களாக இன்றும் இருக்கிறார்கள். கூடவே அனஸ்தஸியா (உயிர்த்தெழுதல்), எவங்கெலியா (நற்செய்தி) என்று திருச்சபை வழியாக வந்த கூட்டமும் பெரிது. சில பெயர்கள் இரண்டு பக்கமும் கால் வைத்தவை. கலியோப்பி காவியத்துக்கான கலைத்தேவதை. அதே பெயரில் ஒரு புனிதையும் உண்டு, ஜூன் 8.

யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டீர்களே, அங்கேதான் சண்டையே. பொதுவழக்கம், முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். கார்பதோஸ் மாதிரி சில தீவுகளில் மட்டும் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு முன்னுரிமை. ஞானஸ்நானம் ஆகும்வரை பல வீடுகளில் குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. வெறும் ‘பெபா’, பாப்பா.

நான் தங்கியிருந்தபோது பாட்டியின் பேத்தி நாலு மாதப் பெபா. மருமகளுக்குப் பரஸ்கெவி என்ற பெயர் பிடிக்கவில்லை. இது அவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை, தரை வழியாக மேலே கேட்டதுதான். ‘பரஸ்கெவி’ என்று ஒரு குரல், ‘ஓஹி’ என்று இன்னொரு குரல். ஓஹி என்றால் ‘இல்லை’, ‘முடியாது’. ஆகஸ்டில் ஒருவழியாக முடிவானது: கோயிலில் பரஸ்கெவி, வீட்டில் எவி. பாதிரியார் கேட்டபோது ஞானத்தாய் முழுப்பெயரையும் உரக்கச் சொன்னார். பெபா எண்ணெயும் தண்ணீருமாக வீறிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி அழுதார். பெயர் பிடிக்கவில்லை என்று சொன்ன மருமகளும் அழுதார். எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி: பரஸ்கெவி, பராஸ்கேவி, பரஸ்க்யூ: தமிழில் எப்படி எழுதுவது சரி?

பதில்: பழைய கிரேக்கத்தில் நடுவே ‘எயு’ போன்ற ஒலி இருந்தது. இன்று அது ‘எவ்’. அதனால் பரஸ்கெவி. அழுத்தம் கடைசி எழுத்தில் விழும்: பரஸ்கெ-வீ. ஆணைக் கூப்பிடும்போது கடைசி ‘ஸ்’ உதிர்ந்துவிடும், பரஸ்கெவாஸ் ‘பரஸ்கெவா’ ஆவார். பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை, கூப்பிடும்போதும் பெயர் அப்படியே. முன்னொட்டில் மட்டும் கவனமாக இருங்கள்.